தத்துக் குழந்தை வில்லியாக வரும் பேய்ப்படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

2009இல் வந்த ‘ஆர்ஃபன்’, யோசிக்கவே வேண்டாம். நான் பர்மா பஜார் டிவிடி காலத்தில் பார்த்தது, இன்னும் அதை அடிக்க ஆள் இல்லை. "பச்சைப் பிள்ளையைப் பார்த்து அப்படி என்ன பயம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் அந்தப் பிள்ளை மேல் இல்லை, அவளைத் தத்தெடுத்த அம்மா கேட்டின் பேச்சை நம்பாத புருஷன் மேல்தான். குழந்தை செத்துப் பிறந்த துக்கத்தில் இருக்கிற கேட், அதன் சாம்பலைப் போட்டு வளர்க்கும் வெள்ளை ரோஜாச் செடியை அந்தத் தத்துப் பிள்ளை எஸ்தர் மொத்தமாக அறுத்துப் பூங்கொத்தாக்கி அவளிடமே சிரித்துக்கொண்டு நீட்டுவாள். ஆத்திரத்தில் கேட் அவள் கையைப் பிடித்துவிட, ராத்திரி எஸ்தர், பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் தன் கையையே வைத்துத் திருகி முறித்துக்கொண்டு பழியை அந்த அம்மா மேல் போடுவாள். கேட் முன்பு குடித்தவள், அது போதாதா? அப்புறம் அவள் என்ன சொன்னாலும் புருஷனிடம் எடுபடாது.

1976இல் வந்த ‘தி ஓமன்’ படத்திலும் புருஷன் கதை அதேதான். ரோம் ஆஸ்பத்திரியில் தன் குழந்தை இறந்துவிட்டது என்றதும், நாயகன் கிரிகரி பெக், பாதிரியார் பேச்சைக் கேட்டு வேறொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நம் ஊரில் சட்டப்படி தத்தெடுக்க இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள், தத்துக் கொடுத்த பிறகும் 2 வருடம் வந்து பார்ப்பார்கள்.

அட, அதிகாரிகளை விடுங்கள். எஸ்தர் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் பல குடித்தனம் இருக்கிற ஒரு ஸ்டோர் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாள். குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் பாடுவதெல்லாம் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான பாத்ரூமில் நடக்குமா? "இன்னாம்மா, உள்ளயே குடித்தனம் பண்றியா" என்று கதவை உடைத்திருப்பார்கள். கழுத்தில் ஏன் எப்போதும் ரிப்பன் என்று குழாயடியிலேயே ஒரு ஆயா அவிழ்த்துப் பார்த்திருக்கும். அந்தப் படத்தில் பனி கொட்டுகிறது, அக்கம்பக்கம் ஈ காக்கை இல்லை, அதனால்தான் அவளால் அத்தனையும் செய்ய முடிகிறது.

ஒரு குறை. தத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளை அளவுக்கு நேசிப்பது கஷ்டம் என்கிற மாதிரி ‘ஆர்ஃபன்’ ட்ரெய்லரில் ஒரு வசனம் வைத்திருந்தார்கள். தத்தெடுத்தவர்கள் சண்டை போட்டதும் அதை மாற்றினார்கள். சண்டை போட்டது சரிதான், தத்துப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கேட்டால் எப்படி இருக்கும்.

2022இல் வந்த ‘ஆர்ஃபன்: ஃபர்ஸ்ட் கில்’ இதன் முன்கதை. முதல் படத்தில் எஸ்தராக வந்த அதே இசபெல் ஃபுர்மன், இருபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி சிறுமியாக நடிக்கிறார். கூட நடித்தவர்களுக்கு உயரமான செருப்பைப் போட்டுவிட்டு, பின்பக்கம் தெரியும் இடங்களில் சின்னப் பிள்ளைகளை டூப்பாக வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஆனால் கதைப்படி அது முதலில் நடப்பது என்று அதை முதலில் போட்டுவிடாதீர்கள், 2009 படம் கடைசி வரை பொத்தி வைத்திருக்கும் ரகசியத்தை அது ஆரம்பத்திலேயே உடைத்துவிடும்.