ஒரு சதவீதம் கரி

அன்புள்ள ஐயா,

மின் ஸ்கூட்டர் வாங்கப் போன கடையில், "இது நானோடியூப் பேட்டரி, இரண்டு மடங்கு சார்ஜ் பிடிக்கும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடினால், அதை ஒரு சதவீதம்கூடச் சேர்ப்பதில்லை என்று போட்டிருக்கிறது. இவ்வளவு கொஞ்சம் போட்டு என்ன ஆகிவிடும்?

கதிரவன், ஓசூர்

அன்புள்ள கதிரவன்,

நீங்கள் படித்ததுதான் சரி. நானோடியூப், அதாவது நானோகுழாய் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக் குழாய். இந்த பேட்டரிகளில் அதற்குச் சார்ஜைச் சேமிக்கும் வேலை இல்லை. எலக்ட்ரான் போய்வர அது வழி போடுகிறது.

அந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டையே பாருங்கள். பேட்டரியின் நேர்மின்வாயில் லித்தியத்தைச் சேர்த்துவைக்கும் பொருள் இது; 1990களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு கண்டறிந்தது. விலை குறைவு, சூட்டைத் தாங்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லிவிடலாம். அதனால் துகள்களுக்குக் கரிப்பூச்சு கொடுத்து, இடையில் கரித்தூளும் கலக்கிறார்கள். கரித்தூள் உருண்டை உருண்டையாக இருப்பது; ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாக நிற்க நிறைய வேண்டும். நானோகுழாயோ நூல். பத்து நானோமீட்டர் தடிமனுக்கு நீளம் பல ஆயிரம் நானோமீட்டர் போகும். ஒரே இழை பல துகள்களைத் தொட்டுவிடுவதால் கொஞ்சம் போதும். மிச்சமாகும் இடத்தில் லித்தியத்தை ஏற்கும் பொருளையே வைக்கலாம். கொள்ளளவில் இதனால் கிடைப்பது சிறிய லாபம்தான். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது பலன் நன்றாகத் தெரியும்.

கஷ்டமெல்லாம் கலக்குவதில் இருக்கிறது. ஒருமுறை ஒரு சிட்டிகை நானோகுழாயைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பார்த்தேன். கொதிநீரில் கேழ்வரகு மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டுமே, அதேதான். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கட்டிகள் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கு விழுந்துவிடுகின்றன. மீயொலி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வு, கொடுத்துப் பிரிக்கலாம், ஆனால் அளவு மீறினால் இழை அறுந்து குட்டையாகிவிடும். அப்புறம் நூலாக இருந்த பயன் போயிற்று. அதனால்தான் முன்பே பிரித்துக் கரைப்பானில் கலந்த கறுப்பு விழுதாகவும் இதை விற்கிறார்கள்.

எனக்குப் பெரிய நம்பிக்கை சிலிக்கன் எதிர்மின்வாயில். சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் முனை அது; இப்போது அங்கே பெரும்பாலும் இருப்பது கிராஃபைட். கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி பிடிக்கும். சிலிக்கன் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். ஆனால் லித்தியம் ஏறினால் மூன்று மடங்குக்கு மேல் உப்பும், இறங்கினால் சுருங்கும். துகள் விரிசல் விட்டு மின்தொடர்பு அறுந்துவிடும். மண்சுவரில் வைக்கோல் பிடித்துக்கொள்வது மாதிரி, விரிசல் விட்ட துகளையும் நானோகுழாய் இழைகள் தொட்டுக்கொண்டே நிற்கின்றன.

சரி, உங்கள் ஸ்கூட்டருக்கு வருவோம். எத்தனை கிலோவாட்-மணி, முழுச் சார்ஜுக்கு எவ்வளவு நேரம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். உள்ளே எந்தக் கரி போட்டிருந்தாலும் அது இந்த மூன்றில் தெரிந்துவிடும்.