கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படங்களை மட்டும் எடுத்துப் பிழைக்க முடியுமா?

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் மாதிரி பெங்களூரில் இதையே தொழிலாக்கலாமா என்கிறீர்கள். அவரே வெகுகாலம் அப்படிப் பிழைக்கவில்லை! பியானோ கலைஞராகத் தயாரானவர், 1927இல் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையை சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். நீல வானம் கிட்டத்தட்ட கறுப்பாகி, பாறை தனியாக எழுந்து நின்றது. ஆனால் 1941இல் எடுத்த 'மூன்ரைஸ்' என்ற நிலவுப் படம் புகழ்பெற்ற பிறகும் கம்பெனி, விளம்பர வேலைகள்தான் சோறு போட்டன. பிரிண்ட் விற்று நன்றாகக் காசு பார்த்தது 1970களில், எழுபது வயதையொட்டி.

அதனால் ஐடி வேலையோ கல்யாண ஆர்டரோ, இருப்பதை விடாதீர்கள். பெங்களூருக்கு அருகே மாகடி பக்கம் சாவன்துர்கா போங்கள். ஒற்றைக் கருங்கல் மலை, மழைக்குப் பிந்தைய நீல வானத்தில் பிரமாதமாக வரும். டிஜிட்டல் என்றால் கலரில் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தை இருட்டாக்குங்கள். அப்புறம், வார இறுதியில் நந்தி மலை வேண்டாம், படத்தில் கார்கள்தான் விழும்.