சம்பளம் கூட்டியும் பெடியள் நிற்கவில்லை என்றால்

சம்பளத்தை இன்னும் கூட்ட வேண்டாம், சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால் பெடியளை ஏசுவதை முதலில் நிறுத்துங்கள்.

கம்பசுக்குக் கிட்ட உள்ள உங்கள் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு வருகிற பெடியள் இரண்டு மாதத்தில் விலகுகிறார்கள், இரவில் ஓடர் மாறுகிறது, சமையல்காரர் கத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அநேகமாகப் பயம்தான். நானும் பரிமாற நின்றவன். மரக்கறிக் கொத்தா, ஆட்டிறைச்சிக் கொத்தா என்று சந்தேகம் வந்தாலும், திரும்பிப் போய்க் கேட்டால் ஏச்சு விழும் என்று, தகடு அடிக்கிற அந்தச் சத்தத்துக்குள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு கிழமைக்கு இதைச் செய்து பாருங்கள்:

1. மாறிய ஓடர் ஒவ்வொன்றையும் நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.
2. யாராவது சத்தம் போட்ட நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். அதற்குப் பிறகு பிழை கூடினால் விஷயம் விளங்கிவிடும். சமையல்காரரோடு கடை பூட்டிய பிறகு தனியாகக் கதையுங்கள், அவரும் அடுப்படியில் வெந்துகொண்டு நிற்கிற மனிதர்.

ஆனால் ஒன்று. பில்லில் 10% சேவைக் கட்டணம் எடுத்துவிட்டுப் பங்கிடாமல் விட்டாலோ, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான 12% கட்டாமல் விட்டாலோ, எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும் அவர்கள் நிற்கமாட்டார்கள்.