விமானப் பணியாளர் வேலை: சில வருடங்களுக்கா, கடைசி வரைக்குமா?

ஓய்வு பெறும் வரை விமானப் பணியாளராக இருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக முடியும். அமெரிக்காவின் பெட் நாஷ் 1957-இல் சேர்ந்தவர்; 2024-இல் 88 வயதில் இறக்கும் வரை அதே வேலைதான். அவர் சேர்ந்த காலத்தில் பல நிறுவனங்களில் கல்யாணம் ஆனாலே அனுப்பிவிடுவார்கள். சிலவற்றில் 32 வயதோடு சரி. 'தற்காலிக வேலை' என்ற பேச்சு அப்போது ஒட்டிக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எல்லாம் நிறுவனத்தைப் பொறுத்தது. சில இடங்களில் சில வருட ஒப்பந்தம் மட்டுமே. நிரந்தரப் பணி என்றால், சீனியாரிட்டி ஏற ஏற ரூட்டையும் லீவையும் தேர்ந்தெடுக்க முடிகிற இடங்கள் உண்டு. ஆரம்ப வருடங்கள்தான் கஷ்டம்: அதிகாலை மூன்று மணிக்கு அலாரம், ஸ்டாண்ட்பை நாளில் (கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டிய நாள்) யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, அழைப்பு வருமா என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சேரும் முன் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று கட்டாயம் கேளுங்கள்.