சீல் மாற்றிய சில வாரங்களில் கிரவுன் போனது: பட்டறை மீது வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்ல 2011 மாடல் பிக்கப் வண்டி வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். டிஃபரென்ஷியலின் (இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) முன்பக்கம் ஆயில் கசிந்ததால் ஒரு பட்டறையில் பினியன் சீல் (பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) மாற்றி, ஜிபேயில் 2,800 ரூபாய் கொடுத்தேன், பில் தரவில்லை. சில வாரங்களில் மறுபடியும் கசிந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, "ஓட்டுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று குரல் பதிவு அனுப்பினார். இரண்டு நாளில் பினியனோடு சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் இரைந்து வண்டி நின்றுவிட்டது. பட்டறைக்கு இழுத்துச் சென்றதும் என்னைக் கேட்காமலேயே டிஃபரென்ஷியலின் உறையான ஹவுசிங்கைப் பிரித்துவிட்டு, "பழைய வண்டிக்குப் பொறுப்பேற்க முடியாது, 38,000 ரூபாய் தந்தால்தான் வண்டியை விடுவேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குத் தொடுக்கலாம், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது, பிரித்துப் போட்ட பாகங்கள் குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. சீல் மாற்றும்போது பினியன் நட்டைக் கழற்றி மீண்டும் இறுக்குகிறார்கள். இறுக்கம் கூடினால் பேரிங் சூடேறும், குறைந்தால் பினியன் ஆடி, புதுச் சீலும் கசியும். பினியன் தண்டின் முனையில் மாட்டும் இணைப்புப் பாகமான ஃபிளாஞ்சில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஹவுசிங்கின் காற்றுத் துளை மண்ணடைத்திருந்தாலோ எந்தச் சீலும் நிற்காது. எனவே, வண்டி பழையது என்பது பட்டறைக்காரருக்கு முழுத் தற்காப்பு ஆகாது. பழைய வண்டி என்று தெரிந்துதானே வேலையை ஒப்புக்கொண்டார், இவற்றைப் பார்த்தாரா என்பதே என் கேள்வியாக இருக்கும். சீல், ஃபிளாஞ்ச், பேரிங், பல் உடைந்த கிரவுன் ஆகியவற்றை அங்கேயே படமெடுங்கள். காப்பீட்டு விபத்துகளை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள். அந்த அறிக்கை இல்லாத புகார், உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல் என்ற அளவில் நின்றுவிடும்.

சரக்கு வண்டி என்பதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க வண்டி வாங்குபவரை உச்ச நீதிமன்றம் நுகர்வோராகவே கருதியது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருந்தால் நிலைமை வேறு. நீங்களே ஓட்டுவதைப் புகாரிலும் சத்திய வாக்குமூலத்திலும் தெளிவாக எழுதுங்கள்.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பதைப் பொறுத்தவரை, ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒப்புக்கொண்டு முடித்த வேலையின் கூலிக்காகப் பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையைத் தருகிறது. சீல் வேலைக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. நீங்கள் சொல்லாத வேலைக்கு, அதுவும் முடிக்காத வேலைக்கு, அந்த உரிமை பொருந்தாது. இதைக் குறிப்பிட்டு 15 நாள் கெடுவுடன் விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். பிழைப்பு கெடுகிறதே என்று பணம் கட்டியே தீர வேண்டியிருந்தால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ரசீதில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பில் இல்லாதது பெரிய தடையன்று. பணம் போன பதிவும் அந்தக் குரல் பதிவும் சேர்ந்தால் வேலை நடந்ததை நிறுவலாம். போனை மாற்றினாலும் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், ஏனெனில் கசிவைக் கண்ட பின்னும் ஓட்டியது உங்கள் தவறுதானே என்ற வாதத்துக்கு உங்களிடமுள்ள பதில் அது ஒன்றுதான்.

வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கிரவுன் மாற்றும் செலவையும், வாடகை வண்டிக்குக் கொடுத்ததை ரசீதோடும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் புகாரின் நம்பகத்தன்மைதான் குறையும். சீலை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அப்போது குறை பொருளிலா, வேலையிலா என்பதைச் சர்வேயரின் அறிக்கை பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும், சீல் விற்ற கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க நேரிடலாம்.