கட்டிங்ஸில் செனோமேனியனும் டூரோனியனும் கலந்து வந்தால் எதை நம்புவது?

கட்டிங்ஸ் என்பது துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துண்டுகள்; செனோமேனியன் கிரெட்டேசியஸ் காலத்தின் ஒரு கட்டம், டூரோனியன் அதற்கு அடுத்தது. நீங்கள் டெக்சாஸின் எண்ணெய்க் களிப்பாறையான ஈகிள் ஃபோர்டின் கீழ்ப் பகுதிக்குள் இறங்கிவிட்டீர்கள் என்றுதான் படுகிறது. ஹெல்வெட்டிகா, ரோட்டாலிபோரா குஷ்மானி என்ற இரண்டு ஃபோராமினிஃபெராவும் (ஓடுள்ள நுண்ணிய கடலுயிரிகள்) ஒரே மாதிரிப் பையில் கிடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரோட்டாலிபோராவை நம்புங்கள். அது செனோமேனியன் முடிவதற்குச் சற்று முன்பே, ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அற்றுப்போனது. ஹெல்வெட்டிகா அதற்குப் பின் டூரோனியனில் வந்தது. இரண்டும் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை.

பெரும்பாலும் துளைச் சுவர் உதிர்ந்து மேல் பாறைத் துண்டுகள் சேற்றோடு கலந்திருக்கும். அதனால்தான் கட்டிங்ஸில் ஓர் இனம் கீழே எந்த ஆழத்தோடு நின்றுபோகிறது என்று பார்ப்பதில்லை. இறங்கும்போது முதலில் எந்த ஆழத்தில் தென்படுகிறது என்றே குறிப்போம்.

சரிபார்க்க: காலிப்பர் லாக்கில் (துளையின் விட்டத்தை அளந்த பதிவு) மேலே துளை அகன்ற இடம் உண்டா என்று பாருங்கள். பிறகு அதே மாதிரியில் சிட்டிகைத் தூளைக் கண்ணாடித் தகட்டில் பூசி நானோபுதைபடிவம் (மிக நுண்ணிய பாசிகளின் சுண்ணத் தகடுகள்) பாருங்கள். பிடிசி பிட் (செயற்கை வைரப் பற்கள் கொண்ட துளைமுனை) ஃபோராமினிஃபெராவை மாவாக அரைத்துவிடும்; மைக்ரான் அளவுள்ள நானோபுதைபடிவம் தப்பிவிடும்.

காமா லாக்கில் (பாறையின் இயற்கைக் கதிரியக்கப் பதிவு) தெரியும் முகட்டை உடனே உச்சக் கடலேற்றப் பரப்பு (கடல் நிலத்துக்குள் மிக அதிகம் ஏறிய கட்டத்தின் அடுக்கு) என்று வரைந்துவிடாதீர்கள். ஈகிள் ஃபோர்டில் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் நிறைய. தனிமம் தனிமமாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரல் காமாவில் தோரியம் எகிறினால் அது சாம்பல். யுரேனியம் எகிறினால்தான் கரிமச்சத்து. இன்னொன்று, உலகெங்கும் கரிமச்சத்துள்ள கருங்களிப்பாறை படிந்த காலம் செனோமேனியன்–டூரோனியன் எல்லையை ஒட்டியது என்றாலும், தெற்கு டெக்சாஸில் கரிமச்சத்து வளமான பகுதி பெரும்பாலும் அதற்குக் கீழேதான். கிடைமட்டத் துளையை எல்லையில் வைக்காதீர்கள்.

ரோட்டாலிபோரா ஒன்றிரண்டு மட்டும், அதுவும் தேய்ந்து கிடைத்தால், பழைய பாறை அரித்து மறுபடி படிந்ததாகவும் இருக்கலாம். அப்போது நான் சொன்னது தலைகீழாகிவிடும்; எத்தனை கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.