இலவச மென்பொருளுக்கு நன்கொடை: யார் கொடுக்கலாம், எங்கே கொடுக்கலாம்?

கேள்வி: கருங்கல் பக்கத்தில் திருமணம், வீடு பால்காய்ப்பு, ஊர்த் திருவிழா முதலியவற்றை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பும் தொழில் செய்கிறேன். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் உறவினர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான குடும்பங்கள் எங்களை அழைக்கின்றன. ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளை நம்பித்தான் முழு வேலையும் நடக்கிறது. அதற்கு இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அவர்களுடைய இணையதளத்தில் நன்கொடை கேட்கிறார்கள். கொடுப்பது கட்டாயமா? கொடுக்காமல் தொழிலுக்குப் பயன்படுத்தினால் பிற்பாடு சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
— வாசகர், கருங்கல்

பதில்: சட்டச் சிக்கல் வராது. ஓபிஎஸ் ஸ்டுடியோ ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. அந்த உரிமம் வீட்டுப் பயன்பாடு, தொழில் பயன்பாடு என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. எத்தனை கணினிகளில் நிறுவினாலும், எத்தனை நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் வாங்கினாலும், நீங்கள் யாருக்கும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

ஆனாலும் உங்களைப் போன்றவர் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்த மென்பொருளை 2012-இல் ஹியூ பெய்லி என்பவர் தொடங்கினார். இன்று அது தன்னார்வலர்களின் உழைப்பாலும், சில பெரிய நிறுவனங்களின் ஆதரவாலும், தனிநபர்களின் நன்கொடையாலும் நடக்கிறது. விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போதும், புதிய கிராபிக்ஸ் கார்டு சந்தைக்கு வரும்போதும், யூடியூப் தன் நேரலை முறையை மாற்றும்போதும், யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரலைத் திருத்தினால்தான் முகூர்த்த நேரத்தில் உங்கள் படம் நிற்காமல் ஓடும். அந்த வேலை தொடர்ந்து நடப்பதில் உங்கள் வருமானம் அடங்கியிருக்கிறது. வீட்டில் எப்போதாவது ஒரு வீடியோ பார்ப்பதற்கு வி.எல்.சி வைத்திருப்பவருக்கு இந்த அக்கறை இருக்க வேண்டிய கட்டாயமில்லை; அவர் கொடுக்காவிட்டால் அதில் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை. பயன்படுத்துகிற எல்லாரும் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

பணமில்லாமல் இத்தகைய திட்டங்கள் எந்த நிலைக்குப் போகும் என்பதற்கு 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறையே சான்று. உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி தம் கடவுச்சொற்களையும் பணப் பரிமாற்றங்களையும் காக்க ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளை, அதாவது நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் விட்டிருக்கும் மென்பொருளை, நம்பியிருந்தன. அதைப் பராமரித்தவர்களுக்கு அதுவரை ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்பது அந்தக் குறை வெளிப்பட்ட பிறகே பலருக்கும் தெரியவந்தது. அதன் பின்னரே கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் லினக்ஸ் பவுண்டேஷன் வழியாக நிதி ஒதுக்க முன்வந்தன. கோடிகளில் புரளும் நிறுவனங்களே விபத்து நடக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தன என்றால், கருங்கல்லில் கேமரா தூக்கும் ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இருந்தாலும் பிழைப்பு நடப்பது உங்களுக்கு.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு விலைப்பட்டியல் கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை, திருமண சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் கட்டணத்தில் சிறு பங்கை ஒதுக்கினால் போதுமானது. ஆனால் அனுப்புவதற்கு முன் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். ஓபிஎஸ் திட்டம் ஓப்பன் கலெக்டிவ் என்ற தளத்தின் வழியாகவும் நன்கொடை பெறுகிறது. அங்கே வந்த தொகையும் செலவான தொகையும் எவரும் பார்க்கும்படி இருக்கும். இவ்வளவு தெளிவு எல்லா இடத்திலும் இல்லை. பயர்பாக்ஸ் உலாவியை விரும்பி மொசில்லா அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் பயர்பாக்ஸை உருவாக்குவது அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமான தனி நிறுவனம். அதன் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளுடனான தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அறக்கட்டளைக்குக் கொடுக்கும் பணம் அதன் பிற பணிகளுக்குப் போகிறதே தவிர உலாவிக்கு அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளோ பெரும்பாலும் பயனர்களின் நன்கொடையால்தான் இயங்குகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை (அடிப்படை நிரலை) எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள் என்பதால், அங்கே உங்கள் 500 ரூபாய்க்கு அவசரமில்லை. ஓபிஎஸ்ஸுக்கு அடியில் இருந்து வீடியோவைக் கையாளும் எப்எப்எம்பெக் போன்ற திட்டங்களுக்கு அந்தத் தொகை கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன். பயனர்கள் அவற்றின் பெயரையே அறியாததால் அவற்றை நினைத்துக் கொடுப்பவர்களும் குறைவு.

ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நன்கொடை கொடுத்ததால் நீங்கள் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் ஆகிவிட மாட்டீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்துப் பெறும் பொருளையும் சேவையையும் பற்றியது. இலவசச் சேவை அதன் வரையறைக்குள் வராது. ஜிபிஎல் உரிமமும் எந்த உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. இது கடைக் கல்லாவில் கட்டும் பணமல்ல, உண்டியலில் இடும் பணம். நேரலை பாதியில் நின்றாலும் யாரிடமும் இழப்பீடு கேட்க முடியாது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கணினி வாங்கினேன். ரசீதில் 'ஆபீஸ் சாஃப்ட்வேர் லைசென்ஸ்' என்று எழுதி 1,800 ரூபாய் தனியாகச் சேர்த்திருந்தார்கள். கணினியில் இருப்பது லிப்ரே ஆபீஸ் என்றும், அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்றும் பேரன் சொல்கிறான். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகி, வடசேரி

பதில்: கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். திறமூல மென்பொருளைப் பணத்துக்கு விற்பதை அதன் உரிமம் தடுக்கவில்லை. மென்பொருளை நிறுவி, தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து, உங்களுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தால் அந்த உழைப்புக்குக் கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை. இங்கே கேள்விக்குரியது 'லைசென்ஸ்' என்று எழுதியதுதான். லிப்ரே ஆபீஸுக்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய உரிமம் எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதிட இடமுண்டு.

முதலில் ரசீதின் நகலோடு கடைக்கு எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

நீங்கள் கொடுத்த 1,800 ரூபாயிலிருந்து லிப்ரே ஆபீஸை உருவாக்குபவர்களுக்கு ஏதேனும் போயிருக்கும் என்று எண்ண வேண்டாம். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்த அந்தத் திட்டத்தை ஜெர்மனியில் பதிவு பெற்ற தி டாக்குமென்ட் பவுண்டேஷன் நடத்துகிறது. அதன் வருமானம் முக்கியமாக நன்கொடைதான். பதிவிறக்கும்போது நன்கொடை கேட்கும் பக்கம் தோன்றினால் அஞ்ச வேண்டாம், கொடுக்காமலே மென்பொருள் உங்களுக்குக் கிடைக்கும். தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வரும் இணைப்பை மட்டும் அழுத்தாதீர்கள். படங்களைத் திருத்தும் ஜிம்ப் போன்ற பெயர் பெற்ற மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் விளம்பரம் செய்து, தீய நிரல்களைப் பரப்பிய நிகழ்வுகள் உண்டு. அத்தகைய தளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் திருமண அழைப்பிதழ் செய்வதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும் இலவச எழுத்துருக்களும் பயன்படுத்துகிறோம். மாதம் 200 ரூபாய் கொடுக்கலாம் என்று முயன்றால் என் டெபிட் கார்டை ஏற்க மறுக்கிறது. கொடுக்கும் தொகைக்கு வரி விலக்கு உண்டா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மாத நன்கொடையை விட்டுவிட்டு ஆண்டு நன்கொடையாக மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இணையதளங்களில் பணம் செலுத்தும் வசதி பல கார்டுகளில் முடக்கப்பட்டே இருக்கும்; வங்கியின் செயலியில் நீங்கள்தான் அதைத் திறக்க வேண்டும். அதைத் திறந்த பிறகும், தானாகப் பிடித்தம் செய்யும் மாதக் கட்டணங்களுக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால், அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுத் தளங்களில் மாதாமாதம் தடை வரும். மேலும் ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமாகப் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்து, அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கின்றன. பணம் பெறும் தளமும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நிலையான தொகையைக் கழிப்பதால் 200 ரூபாயில் கணிசமான பகுதி வழியிலேயே கரைந்துவிடும். வேலை முடிந்ததும் கார்டின் வெளிநாட்டு வசதியை மறக்காமல் மூடிவிடுங்கள்.

வெளிநாட்டு அறக்கட்டளை கொடுக்கும் ரசீதுக்கு இங்கே வரி விலக்கு கிடையாது. இந்திய அமைப்பாக இருந்தாலும், 80ஜி என்று நாம் பழகிய, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக்கு அந்த அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். நீங்களும் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. ஆக, வரியை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு வெளிநாட்டைத் தேடிப் போகவும் அவசியமில்லை. நீங்கள் பயன்படுத்தும் மலையாள எழுத்துருக்கள் ரச்சனா, மஞ்சரி போன்றவையாக இருந்தால் அவை சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வக் குழுவின் உழைப்பு. அக்குழு மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் வெளியிட்டிருக்கிறது. தமிழில் திறமூல மென்பொருள் பற்றி எழுதியும் கற்பித்தும் வரும் கணியம் அறக்கட்டளையும் உண்டு. இரு மொழியிலும் அழைப்பிதழ் அடிக்கும் உங்களுக்கு இவற்றைவிட நெருக்கமான இடம் எது? ஓவியத்துக்குக் கிரிட்டா பயன்படுத்தினால் இன்னொரு வழியும் இருக்கிறது: அவர்களுடைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே மென்பொருளை ஸ்டீம், மைக்ரோசாப்ட் ஸ்டோர் ஆகிய இணையக் கடைகளில் விலைக்கும் வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கினால் அது நன்கொடையாக இல்லாமல் கொள்முதலாக இருக்கும், கணக்கில் காட்டுவதும் எளிது.

கேள்வி: தக்கலையில் இருந்து கல்லூரிக்குப் போகும் மாணவி நான். எல்லாப் பாடத்துக்கும் திறமூல மென்பொருளே பயன்படுத்துகிறேன். கொடுக்கப் பணமில்லை. வேறு என்ன செய்யலாம்?
— வாசகி, தக்கலை

பதில்: பணம் கொடுக்க வேண்டாம். லிப்ரே ஆபீஸின் தமிழ் இடைமுகத்தை மொழிபெயர்ப்பதற்கு வெப்லேட் என்ற இணையவழி ஏற்பாடு இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் அதில் பங்கேற்கலாம். தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிவது போன்ற பிழைகளைக் கண்டால் அவர்களுடைய பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், உங்கள் கணினியின் இயங்குதளம், எந்தப் படிகளைச் செய்தால் அந்தப் பிழை மீண்டும் வருகிறது ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, மாதிரிக் கோப்பு ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் அதைக் கொண்டுதான் பிழையைத் தேட வேண்டியிருக்கும்.